1.48 லட்சம் கிலோமீட்டர் ஓடின ஈக்கோவை ஏன் வாங்கினோம்?

ரெண்டு வேன் முன்னாடி நிக்குது. ரெண்டும் மாருதி ஈக்கோ. ஒண்ணு 62,000 கிலோமீட்டர் ஓடியிருக்கு, வெள்ளை போர்டு, விலை 2.95 லட்சம். இன்னொண்ணு 1.48 லட்சம் கிலோமீட்டர் ஓடியிருக்கு, மஞ்சள் போர்டு, விலை 2.70 லட்சம். எதை வாங்குவீங்க?

போன மாசம் என் ஆபீஸ்ல ஆர்ட்டிகிள்ஷிப் பண்ற பசங்ககிட்ட இதையே கேட்டேன். அஞ்சு பேர்ல நாலு பேர் முதல் வண்டியைச் சொன்னாங்க. 25,000 கூடக் கொடுத்து பாதி கூட ஓடாத வண்டியை வாங்குறதுதான் புத்திசாலித்தனம்னு தோணும். எனக்கும் அப்படித்தான் தோணுச்சு. கடைசியில வாங்கினது ரெண்டாவது வண்டி. அது ஏன்னு விவரமா சொல்றேன். உங்கள்ல நிறைய பேர் வேலையில இருந்துக்கிட்டே வீட்டுல ஒரு சின்னத் தொழிலுக்கும் பணம் போட்டுட்டு இருக்கீங்க. கேட்டரிங், பூ டெக்கரேஷன், கேக், துணி மூட்டைன்னு எதுவா இருந்தாலும், ஒரு கட்டத்துல "நமக்குன்னு ஒரு வேன் இருந்தா நல்லா இருக்குமே"ன்னு பேச்சு வரும்.

எங்க வீட்டுல அந்தப் பேச்சை ஆரம்பிச்சது என் தங்கச்சி. மேடவாக்கத்துல இட்லி மாவு தொழில் பண்றா. ஒரு கிரைண்டர்ல ஆரம்பிச்சது, இப்போ இருபத்திரண்டு கடைக்கு மாவு போகுது. முதல்ல டிவிஎஸ் எக்ஸ்எல்ல போச்சு. பாக்கெட் கூடினதும் லோடு ஆட்டோ. காலையில ஒரு நடை, சாயங்காலம் ஒரு நடை, ஒரு நாளைக்கு 950 ரூபாய். மாசம் 26 நாள்னா 24,700. "அண்ணா, நான் அரைக்கிறது எனக்கா, ஆட்டோக்காரருக்கா"ன்னு கேட்டா. நியாயமான கேள்வி.

அவ வீட்டுக்காரர் சிறுசேரியில ஐடி கம்பெனில இருக்கார். மாப்பிள்ளைக்கு ஆசை இன்னோவா மேல. "மச்சான், வாரநாள்ல மாவு, லீவு நாள்ல குடும்பத்தோட ஊருக்கு"ன்னு கணக்குப் போட்டு வச்சிருந்தார். 2012 மாடல், 3.2 லட்சம் கிலோமீட்டர். இன்னோவாவுல அந்தக் கிலோமீட்டர் பயப்பட வேண்டியது இல்லைங்கிறது உண்மை. 2005ல குவாலிஸுக்குப் பதிலா வந்ததுல இருந்தே, அந்த 2.5 லிட்டர் டீசல் எஞ்சின் டாக்ஸிக்காரங்க கையில மூணு லட்சம், நாலு லட்சம்னு ஓடிட்டு இருக்கு. ஆனா நமக்குத் தேவை ஒரு நாளைக்கு 55 கிலோமீட்டர், இருபத்திரண்டு இடத்துல நிறுத்தி எடுக்குற வேலை. பத்து அடி சந்துல அந்த வண்டியைத் திருப்ப முடியாது. ஒரு டர்போவோ இன்ஜெக்டரோ போனா, அதுக்கான செலவுல ஈக்கோவுக்கு ரெண்டு வருஷ சர்வீஸ் பார்த்துடலாம். ரெண்டு வேலைக்கும் ஒரே வண்டின்னு வாங்குறப்போ பெரும்பாலும் ரெண்டு வேலையும் அரைகுறையாத்தான் நடக்கும். மாப்பிள்ளை முகம் கொஞ்சம் வாடிடுச்சு, இருந்தாலும் விட்டுக்கொடுத்தார்.

ஆம்னி பத்தியும் யோசிச்சோம். 796 சிசி எஞ்சின், எந்தத் தெருவுலயும் நுழையும், எந்த மெக்கானிக்குக்கும் கை பழகின வண்டி. ஆனா 2019லயே தயாரிப்பு நின்னு போச்சு. மாவு எடை ஏறினா மேம்பாலத்துல அது படுற பாடு உங்களுக்கே தெரியும். அதனால ஈக்கோ. பின் சக்கரம் இழுக்குற வண்டி, ரெண்டு பக்கமும் தள்ளுற கதவு, உதிரிபாகம் எல்லா ஊர்லயும் கிடைக்கும். கார்கோ மாடல்ல பின்னாடி சீட்டே கிடையாது, தட்டையான தளம். மாவு கிரேட்டை அப்படியே உள்ளே தள்ளிடலாம்.

முதல் ஞாயிற்றுக்கிழமை பார்த்ததுதான் அந்த 62,000 வண்டி. 2017 மாடல் அஞ்சு சீட்டர். புரோக்கர் வழியா வந்தது. பளபளன்னு பாலிஷ், புது சீட் கவர். நான் என் பங்குக்கு எக்செல் ஷீட்டைத் திறந்து வச்சுக்கிட்டு இருந்தேன். எங்ககூட வந்த மெக்கானிக் அண்ணன் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கல. டிரைவர் கதவைத் திறந்து, கதவு ஃபிரேமோட கீழ் ஓரத்தைத் துணியால துடைச்சார். அங்க ஒரு பழைய ஆயில் சர்வீஸ் ஸ்டிக்கர். அடுத்த ஆயில் மாத்த வேண்டியது: 1,14,000.

மீட்டர்ல 62,000. ஸ்டிக்கர்ல 1,14,000. புரோக்கர் உடனே "அது வேற வண்டி ஸ்டிக்கர் சார்"ன்னார். ஸ்டிக்கர் எப்படி வேற வண்டியில இருந்து நடந்து வந்து ஒட்டிக்கும்னு கேட்க நினைச்சேன், கேட்கல.

அதுக்கு அப்புறம் மெக்கானிக் காட்டினது எல்லாம் அதே கதையைத்தான் சொல்லுச்சு. கிளட்ச் பெடல் ரப்பர் மழமழன்னு தேய்ஞ்சு போயிருக்கு, ஸ்டீயரிங்ல கை படுற இடம் மட்டும் மின்னுது. சீட் கவர் புதுசு, ஆனா அடியில ஃபோம் ஒரு பக்கம் அமுங்கிக் கிடக்கு. ஓடோமீட்டரைத் திருப்புறதுக்கு ஆகுற செலவு ரொம்பக் கம்மி, மாட்டுறது ரொம்ப அபூர்வம். அதனால மீட்டர்ல இருக்குற எண்ணை விற்கிறவர் சொல்ற ஒரு கருத்தா மட்டும் எடுத்துக்கோங்க. ஒரு சிஏவா எனக்கு இது ஒண்ணும் புதுசு இல்ல. கேஷ் புக்ல எழுதியிருக்குன்னு கல்லாவுல பணம் இருக்குன்னு ஆயிடாதே. வவுச்சர் எங்கன்னுதான் கேட்போம்.

ரெண்டாவது ஞாயிறு பார்த்த வண்டிக்கு வவுச்சர் இருந்துச்சு. 2019 ஈக்கோ கார்கோ, கம்பெனி ஃபிட்டட் சிஎன்ஜி, முதல் ஓனர். கூரியர் டெலிவரி கான்ட்ராக்ட் எடுத்து ஓட்டினவர். ஒரு பழைய பிளாஸ்டிக் ஃபைல்ல ஆறு வருஷ பில். ஆயில், பிரேக் ஷூ, டயர், ரேடியேட்டர் ஹோஸ், டைமிங் பெல்ட் எல்லாத்துக்கும் தேதியும் கிலோமீட்டரும் இருக்கு. 1.48 லட்சத்தை ஆறு வருஷத்துக்குப் பிரிச்சா, வருஷம் 300 நாள்னு வச்சுக்கிட்டாக்கூட, ஒரு நாளைக்கு 82 கிலோமீட்டர். கூரியர் பெட்டி எடையும் கம்மிதான். தினமும் சூடாகி, தொடர்ந்து ஓடி, நேரத்துக்கு ஆயில் மாத்தின எஞ்சின். வீட்டு வாசல்ல நின்னு நின்னு, வாரத்துக்கு ஒரு தடவை மார்க்கெட் வரைக்கும் போய் வர்ற வண்டியைவிட இது பல நேரம் நல்ல நிலையில இருக்கும்.

இதே 1.48 லட்சத்தை மீன் ஏத்தியோ தண்ணி கேன் ஏத்தியோ ஓட்டியிருந்தா, நான் அந்தப் பக்கமே போயிருக்க மாட்டேன். உப்புத் தண்ணி தளத்துல இறங்கினா தகடு அடியில இருந்து அரிக்கும். அதனால பின்னாடி மேட்டைத் தூக்கிப் பாருங்க. வேன் முன்னாடி என்ன சுமந்துச்சுங்கிற கேள்வியை கிலோமீட்டருக்கு முன்னாடியே கேட்டுடுங்க.

மெக்கானிக் அண்ணன் இந்த வண்டியை முக்கால் மணி நேரம் பார்த்தார். முந்தின நாளே போன் பண்ணி, "நாங்க வர்றதுக்கு முன்னாடி ஸ்டார்ட் பண்ணாதீங்க"ன்னு சொல்லச் சொல்லியிருந்தார். எஞ்சின் குளிர்ந்து கிடக்குறப்போ எடுத்தாத்தான் புகை, சத்தம் எல்லாம் உண்மையைச் சொல்லும். ஏற்கெனவே சூடாக்கி வச்சிருந்தா அதுவே ஒரு தகவல்னார். நீல நிறப் புகை வந்தா ஆயில் எரியுது. ஸ்டார்ட் பண்ணி ரொம்ப நேரமாகியும் வெள்ளைப் புகை நிக்காம வந்தா ஹெட் கேஸ்கெட் பக்கம் சந்தேகம். ஈக்கோவுல எஞ்சின் முன் சீட்டுக்கு அடியில இருக்கு. சீட்டைத் தூக்கிப் பார்த்து ஆயில் கசிவு, கூலன்ட் நிறம் ரெண்டையும் பார்த்தார். அப்புறம் என்னைப் பின்னாடி உட்காரச் சொல்லி 50, 60ல ஓட்டிக் காட்டினார். ஆக்ஸிலரேட்டரை விடும்போது பின்னாடி இருந்து 'ஊங்'ன்னு இழுத்தா கிரவுன் தேய்ஞ்சிருக்கு, லோடு ஓட்டின பின் சக்கர வண்டியில அதுதான் பெரிய செலவுன்னார். சத்தம் வரல. சந்தோஷத்துல இருந்தேன், உடனே கிளட்ச் பிளேட் முடியப் போகுது, பின் டயர் ரெண்டும் மாத்தணும், ஸ்லைடிங் கதவு ரோலர் போச்சுன்னு வரிசையா எழுதிக் கொடுத்தார்.

டைமிங் பெல்ட் பத்தி ஒரு வார்த்தை. 2022 நவம்பருக்கு முந்தின ஈக்கோவுல 1196 சிசி ஜி12பி எஞ்சின், அதுல பெல்ட். அதுக்கு அப்புறம் வந்த 1197 சிசி கே சீரிஸ் எஞ்சின்ல செயின். பழைய வண்டின்னா பெல்ட் எப்போ மாத்தினாங்கன்னு பில்லோட கேளுங்க. பில் இல்லைன்னா மாத்தலைன்னு எடுத்துக்கிட்டு, அந்தச் செலவை விலையில கழிச்சுப் பேசுங்க.

எங்க சென்னைப் பக்கம் இன்னொரு விஷயமும் இருக்கு. 2015 டிசம்பர் வெள்ளம், 2023 டிசம்பர் மிக்ஜாம். பள்ளிக்கரணை, வேளச்சேரியில எத்தனை வண்டி முங்குச்சுன்னு உங்களுக்கே தெரியும். சீட் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுத்துப் பாருங்க. அடியில சேறு கோடு இருக்கும், யாரும் அதுவரைக்கும் கழுவுறது இல்ல. சீட் ரெயில்ல துரு இருக்கான்னும் பார்த்துடுங்க.

மஞ்சள் போர்டா, வெள்ளை போர்டா?

சரி, இப்போ என் வேலைக்கு வர்றேன். வண்டி எவ்வளவு நல்லா இருந்தாலும், போர்டு தப்பா இருந்தா அது உங்களைக் கவுத்துடும்.

நிறைய பேர் பண்றது என்ன? வெள்ளை போர்டு ஈக்கோ வாங்குறது, பின் சீட்டைக் கழட்டி மொட்டை மாடியில போடுறது, சரக்கு ஏத்துறது. "நம்ம சரக்கு, நம்ம வண்டி, வாடகைக்கா விடுறோம்?"னு கேட்பாங்க. மோட்டார் வாகனச் சட்டத்துல சரக்கு வாகனத்துக்கான விளக்கத்தை எடுத்துப் படிங்க. சரக்குக்குன்னே செஞ்ச வண்டி மட்டும் இல்ல, அப்படிச் செய்யாத வண்டியையும் சரக்கு ஏத்தப் பயன்படுத்தினா அதுவும் சரக்கு வாகனம்தான். அடுத்தது உங்க பிரைவேட் கார் பாலிசி. அதுல 'பயன்பாட்டு வரம்பு'ன்னு ஒரு பகுதி இருக்கும், யாரும் படிக்கிறது இல்ல. வாடகைக்கு விடுறதுக்கும் சரக்கு ஏத்துறதுக்கும் இந்த பாலிசி செல்லாது, சொந்த லக்கேஜும் சாம்பிளும் மட்டும் விதிவிலக்குன்னு போட்டிருக்கும்.

நாற்பது கிரேட் மாவை யாரும் லக்கேஜ்னு சொல்ல முடியாது.

உங்க வண்டி சேதமானா க்ளெய்ம் நிராகரிக்க அவங்களுக்குக் காரணம் ரெடியா இருக்கு. அது போனாக்கூட சில ஆயிரமோ, ஒண்ணு ரெண்டு லட்சமோ. ஆனா உங்க வண்டி யார் மேலயாவது மோதிட்டா? கோர்ட் நஷ்ட ஈடு கொடுக்கச் சொல்லும். பாலிசி நிபந்தனை மீறப்பட்டிருந்தா, இன்சூரன்ஸ் கம்பெனி முதல்ல கொடுத்துட்டு அதை உங்ககிட்ட வசூலிச்சுக்கலாம்னு நிறைய தீர்ப்பு வந்திருக்கு. முப்பது வயசுக்காரர் ஒருத்தரோட வருமானத்தை வச்சுக் கணக்கிடுற நஷ்ட ஈடு எவ்வளவு வரும்னு யோசிச்சுப் பாருங்க. அது உங்க சம்பளத்துல இருந்து, நீங்க இஎம்ஐ கட்டிட்டு இருக்குற ஃபிளாட்ல இருந்து வரணும்.

இப்போ வித்தியாசம் எவ்வளவுன்னு பாருங்க. 2022 ஜூன்ல இருந்து அமலுக்கு வந்த மூன்றாம் நபர் காப்பீட்டுக் கட்டணத்துல, 1000 முதல் 1500 சிசி வரைக்குமான பிரைவேட் காருக்கு வருஷம் 3,416 ரூபாய். 7,500 கிலோ வரைக்குமான சரக்கு வாகனத்துக்கு 16,049 ரூபாய். ஜிஎஸ்டி தனி. வித்தியாசம் 12,633, மாசத்துக்கு ஆயிரத்துச் சொச்சம். அதுக்குப் பயந்துதான் வெள்ளை போர்டுல ஓட்டுறாங்க. தங்கச்சி கணக்குல அது லோடு ஆட்டோவோட ஒரு நாள் வாடகையைவிட 100 ரூபாய் கூட, அவ்வளவுதான்.

மஞ்சள் போர்டுன்னா பர்மிட், பேட்ஜ்னு ஆயிரம் அலைச்சல்னு ஒரு பயம் இருக்கு. மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேல போகாத சரக்கு வாகனத்துக்குப் பர்மிட்டே தேவையில்லைன்னு சட்டத்தோட 66வது பிரிவுலயே இருக்கு, ஈக்கோ கார்கோ அதுக்குள்ள வந்துடும். லைசென்ஸும் அப்படித்தான். சாதாரண எல்எம்வி லைசென்ஸ் இருந்தாலே 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வாகனத்தை ஓட்டலாம்னு 2024 நவம்பர்ல சுப்ரீம் கோர்ட் அஞ்சு நீதிபதிகள் அமர்வு சொல்லிடுச்சு. மிச்சம் இருக்குறது எஃப்சி. எட்டு வருஷம் வரைக்கும் ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை, அதுக்கு மேல வருஷா வருஷம். அது ஒரு நாள் வேலை, வண்டியைத் தயார் பண்ணக் கொஞ்சம் செலவு. வெள்ளையை வாங்கி மஞ்சளா மாத்திக்கலாம்னு புரோக்கர் சொன்னா, முதல்ல உங்க ஆர்டிஓவுல நேர்ல கேட்டுட்டு அப்புறம் அட்வான்ஸ் கொடுங்க.

கணக்கு

நாங்க போட்ட கணக்கு இது. உங்க எண்ணை இதுல மாத்திப் போட்டுக்கோங்க.

வண்டி 2.70 லட்சம். மெக்கானிக் எழுதிக் கொடுத்த வேலைக்கு 41,000. ஆக 3.11 லட்சம். நாலு வருஷம் கழிச்சு 1.10 லட்சத்துக்குப் போகும்னு வச்சா, நாம உண்மையில இழக்குறது 2.01 லட்சம். ஒரு நாளைக்கு 55 கி.மீ., மாசம் 26 நாள்னா வருஷத்துக்கு 17,160 கி.மீ., நாலு வருஷத்துல 68,640. அப்போ வண்டிக்கான செலவு கிலோமீட்டருக்கு 2.93 ரூபாய். சிஎன்ஜி கிலோ 92 ரூபாய், மைலேஜ் 18னு வச்சா 5.11. வருஷம் 30,000 ரிப்பேர்னா 1.75. இன்சூரன்ஸ், எஃப்சி, வரி, புகைச் சான்று எல்லாம் சேர்த்து வருஷம் 28,000னா 1.63. மாப்பிள்ளை 1.5 லட்சத்துக்கு 14 சதவீதத்துல ரெண்டு வருஷ லோன் எடுத்தார். இஎம்ஐ 7,200, மொத்த வட்டி சுமார் 22,800, அது கிலோமீட்டருக்கு 33 பைசா. எல்லாம் கூட்டினா 11.75 ரூபாய்.

ஒரு நாளைக்கு 646 ரூபாய். ஆட்டோவுக்குக் கொடுத்தது 950. மாசம் 7,900 மிச்சம்.

"சூப்பர்ணா"ன்னா தங்கச்சி. நான் அடுத்த கேள்வியைக் கேட்டேன். வண்டியை யார் ஓட்டப் போறா? ஆட்டோ வாடகையில டிரைவர் கூலியும் அடக்கம். நாம 15,000 கொடுத்து ஒரு டிரைவரைப் போட்டா, 7,900 மிச்சம்ங்கிறது 7,100 நஷ்டமா மாறிடும். வேன் வாங்குற முக்கால்வாசிப் பேர் இந்த ஒரு வரியைத்தான் கணக்குல விட்டுடுறாங்க. கொஞ்ச நேரம் யாரும் பேசல. அப்புறம் "நானே ஓட்டுறேன்"ன்னா. அவகிட்ட கார் லைசென்ஸ் இருந்துச்சு, ஓட்டிப் பழக்கம் இல்ல. வண்டி வாங்குறதுக்கு முன்னாடி மூணு வாரம் டிரைவிங் ஸ்கூல் போனா. அவ அந்த முடிவை எடுக்கலைன்னா இந்த வேனே வேண்டாம்னுதான் சொல்லியிருப்பேன்.

புது வண்டியே வாங்கியிருக்கலாமேன்னு கேட்பீங்க. நியாயம்தான். 2025 செப்டம்பர் 22ல சின்ன கார்களுக்கும் சரக்கு வாகனங்களுக்கும் ஜிஎஸ்டி 28ல இருந்து 18 சதவீதமா குறைஞ்சுது. புது ஈக்கோ விலை இறங்கினதும் பழைய வண்டி விலையும் இறங்கணும். ஆனா விற்கிறவங்க பல பேர் இன்னும் பழைய விலையையே சொல்லிட்டு இருக்காங்க, அதை வச்சுப் பேரம் பேசுங்க. எங்களுக்குக் கிடைச்ச புது சிஎன்ஜி கார்கோ கொட்டேஷன் ஆன்ரோடு 6.6 லட்சம். நாலு வருஷம் கழிச்சு 3.9னு வச்சா இழப்பு 2.7 லட்சம். ரிப்பேர் குறையுறதைக் கழிச்சா, பழைய வண்டிக்கும் புதுசுக்கும் நாலு வருஷ முடிவுல பெரிய வித்தியாசமே வரல. வட்டி மட்டும் கொஞ்சம் கூட.

அப்புறம் ஏன் பழசு? ஏன்னா நாலு வருஷம் இந்தத் தொழில் இதே அளவுல நடக்கும்னு எங்க யாருக்கும் உறுதி இல்ல. பக்கத்துல ஒரு பெரிய பிராண்ட் வந்து பாக்கெட் விலையைக் குறைச்சா? அவ உடம்புக்கு முடியாம போனா? ஒரு வருஷத்துல நிறுத்த வேண்டி வந்தா பழைய வண்டியில போறது எழுபது, எண்பதாயிரம். புது வண்டின்னா முதல் வருஷ இறக்கமே ஒண்ணரை லட்சத்தைத் தாண்டும், அது போக அஞ்சு லட்சத்துக்கு மேல ஓடிட்டு இருக்குற லோன். தொழில் நிலைச்சிடுச்சு, ஆர்டர் கையில இருக்குன்னா தாராளமா புதுசு வாங்குங்க. சோதனை ஓட்டத்துக்குப் பழசு போதும்.

பேப்பர் வேலை

பரிவாகன் தளத்துல வண்டி நம்பரைப் போட்டா எத்தனாவது ஓனர், எஃப்சி எதுவரைக்கும், இன்சூரன்ஸ் எதுவரைக்கும், எந்த பேங்க் பேர்ல அடமானம்னு வந்துடும். இ-சலான் பாக்கியும் பாருங்க. நாங்க வாங்கின வண்டியில லோன் முடிஞ்சு ரெண்டு வருஷம் ஆகியும் அடமானம் நீக்கல. பேங்க் என்ஓசியும் ஃபார்ம் 35ம் கைக்கு வந்த பிறகுதான் மீதிப் பணம்னு சொல்லிட்டோம். பத்து நாள் இழுத்துச்சு, பரவாயில்ல. சிஎன்ஜி இருந்தா ஆர்சியில அந்த எரிபொருள் பதிவாகியிருக்கணும், சிலிண்டருக்கு மூணு வருஷத்துக்கு ஒரு தடவை பண்ற ஹைட்ரோ டெஸ்ட் தேதியும் வேணும். வெளியில கிட் மாட்டி ஆர்சியில ஏத்தாத வண்டின்னா கிளம்பி வந்துடுங்க.

ஃபார்ம் 29, 30ல கையெழுத்து வாங்கி அப்படியே வச்சுக்கிட்டு, வண்டியைக் கை மாத்திக்கிட்டே போற பழக்கம் இங்க அதிகம். ஒரே மாநிலத்துக்குள்ளன்னா விற்கிறவர் 14 நாள்ல தெரிவிக்கணும், வாங்குறவர் 30 நாள்ல பேர் மாத்தணும். ஆர்சியில யார் பேர் இருக்கோ அவர்தான் ஓனர், விபத்துக்கு அவர்தான் பொறுப்புன்னு 2018ல சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கு. பழைய பைக்கை எக்ஸ்சேஞ்சுல கொடுத்துட்டு மறந்து போனவங்களும் இன்னைக்கே உங்க பழைய நம்பரைத் தேடிப் பாருங்க. இன்சூரன்ஸையும் 14 நாளுக்குள்ள உங்க பேருக்கு மாத்தக் கேட்கணும். மாத்தாம விட்டா உங்க சொந்த வண்டிச் சேதத்துக்குக் க்ளெய்ம் கிடைக்காது.

வண்டி யார் பேர்ல? தொழில் யாரோடதோ அவங்க பேர்ல. எங்க கேஸ்ல தங்கச்சி பேர்ல. மாப்பிள்ளை பணத்தைச் சும்மா கொடுக்காம, கடனா பேங்க் வழியா அனுப்பினார். மனைவிக்கு அன்பளிப்பா கொடுத்த பணம் அவங்க தொழில்ல முதலீடா போனா, அதுக்குண்டான லாபப் பங்கு உங்க வருமானத்தோட சேரும். 30 சதவீத ஸ்லாப்ல இருக்குறவங்க இதைக் கவனிக்கணும். பணத்தை ரொக்கமா கொடுக்கவும் கூடாது. ஒரே பரிவர்த்தனையில ரெண்டு லட்சமோ அதுக்கு மேலயோ ரொக்கமா வாங்கினா, வாங்குறவருக்கு அதே அளவு அபராதம். உங்களுக்கும் நஷ்டம்தான். தொழில் சொத்துக்கு ஒரே நாள்ல ஒருத்தருக்கு 10,000க்கு மேல ரொக்கமா கொடுத்தா, அந்தத் தொகைக்குத் தேய்மானம் கழிக்க முடியாது.

டீலர்கிட்ட வாங்குறவங்களுக்கு ஒரு சின்ன விஷயம். 2025 ஜனவரியில இருந்து பழைய வண்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டின்னு சொல்லி மொத்த விலை மேல கேட்குறாங்கன்னு ரெண்டு பேர் எனக்கு மெசேஜ் பண்ணியிருந்தீங்க. அந்த வரி டீலரோட மார்ஜின் மேல மட்டும்தான். 2.40க்கு வாங்கி 2.70க்கு வித்தா 30,000 மேல. தனிநபர் ஒருத்தர் தன் வண்டியை உங்களுக்கு வித்தா ஜிஎஸ்டியே கிடையாது.

டெல்லி வண்டி சல்லிசா வருதுன்னும் கேட்டிருந்தீங்க. அங்க டீசலுக்கு 10, பெட்ரோலுக்கு 15 வருஷம்னு தடை வந்ததால வெளியே தள்ளினாங்க. என்ஓசி, இங்க திரும்பவும் வரி, நம்பர் மாத்துறது எல்லாம் கூட்டிட்டு அப்புறம் சல்லிசான்னு பாருங்க.

வண்டி வந்து நாலு மாசம் ஆச்சு. விடிகாலை நாலரைக்கு எடுத்தா ஏழுக்குள்ள காலை நடையை முடிச்சிடுறா. மூணாவது மாசம் ஒரு நாள் ஸ்டார்ட்டர் மோட்டார் போயிடுச்சு. விடியுற நேரம், உள்ளே மாவு, வெளியில ஒரு ஈ காக்கா இல்ல. பழைய ஆட்டோக்காரருக்கே போன் பண்ணினா. அவர் வந்தார், அதே 950. ஸ்டார்ட்டர் சரி பண்ண 3,200. என் ஷீட்ல 'வண்டி நிக்குற நாள்'னு ஒரு வரியே இல்லைங்கிறது அன்னைக்குத்தான் தெரிஞ்சுது. வருஷத்துக்கு எட்டு நாள்னு சேர்த்துட்டேன். மிச்சம் 7,900ல இருந்து 7,270 ஆச்சு. திருத்தின ஷீட் வீடியோவுக்குக் கீழே இருக்கு, பழசை எடுத்தவங்க மாத்திக்கோங்க.